பழைய செங்கல் சுவரில் சிமெண்டுப் பூச்சு ஏன் நிற்பதில்லை?

மலேசியாவில், பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த தெலுக் இந்தான் போன்ற நகரங்களில், கோயில் திருப்பணி முடிந்து சில ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், சுவரின் அடிப்பகுதியில் வண்ணம் கொப்பளித்துப் பூச்சு வெள்ளைத் தூளாக உதிர்வது வழக்கமான காட்சியாகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுந்த கடைவீடுகளின் ஐந்தடிப் பாதைத் (கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதை) தூண்களிலும், தோட்டத்துப் பழைய அலுவலகங்களிலும், உரக்கிடங்குகளிலும் இதே நிலையைக் காணலாம். மணல் சரியில்லை, சிமெண்டைக் குறைத்துவிட்டார்கள், குத்தகையாளர் ஏமாற்றிவிட்டார், மலிவான வண்ணத்தை வாங்கிவிட்டார்கள் என்று காரணங்கள் பேசப்படுகின்றன. அடுத்த முறை செப்பனிடும்போது சிமெண்டைக் கூட்டுகிறார்கள். நீர்த்தடுப்புத் தூளையும் கலக்கிறார்கள். சில மழைக்காலங்கள் கழிந்ததும் ஈரக்கறை முன்பைவிட ஒரு முழம் மேலே ஏறி நிற்கிறது.

மேற்சொன்ன காரணங்களில் ஏதேனும் ஒன்று சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால், 1940களுக்கு முன் கட்டப்பட்ட பெரும்பாலான செங்கல் சுவர்களைப் பொறுத்தவரை சிமெண்டு குறைந்ததால் கோளாறு வருவதில்லை. அந்தச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசியதால்தான் வருகிறது. இது எப்படி என்பதை விளங்கிக்கொள்ளச் செங்கல் கட்டுமானத்தின் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் ஒன்று, சுவர்கள் இரண்டு

இன்று தாமான்களில், அதாவது புதிய குடியிருப்புப் பகுதிகளில், கட்டப்படும் இணைப்பு வீட்டை எடுத்துக்கொண்டால், அதன் பாரத்தைத் தாங்குபவை கம்பி கட்டிய கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும்தாம். அவற்றுக்கு இடையிலுள்ள செங்கல் சுவர் வெறும் தடுப்பு. ஒரு செங்கல்லின் அகலமே அச்சுவரின் தடிமன், அதாவது ஏறத்தாழ 4½ அங்குலம். மலேசியாவில் வழக்கிலுள்ள செங்கல் 215 மில்லிமீட்டர் நீளமும் 102.5 மில்லிமீட்டர் அகலமும் 65 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது; மூட்டுக் கலவைக்கு 10 மில்லிமீட்டர் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய 60 கற்கள் வேண்டும். பல வீடுகளில் அந்தக் கல்லும் சுட்ட மண் கல்லாக இருப்பதில்லை. சிமெண்டையும் மணலையும் அச்சில் அழுத்திச் செய்த கல்லாக இருக்கும். சிமெண்டுக் கல் காயக் காயச் சுருங்கும். சுட்ட மண் கல்லோ சூளையிலிருந்து வந்த பின் காற்றின் ஈரத்தை ஏற்று மெல்ல விரியும். இரண்டையும் ஒரே சுவரில் கலந்து வைத்தால் விரிசல் விழுவதற்கு இதுவே காரணம்.

பழைய கடைவீடும் கோயில் மதிலும் வேறு வகையைச் சேர்ந்தவை. அங்கே தூணும் உத்திரமும் தனியாக இல்லை. சுவரே பாரத்தைத் தாங்குகிறது. எனவே அது 9 அங்குலமாகவோ 13½ அங்குலமாகவோ தடித்திருக்கும். கற்கள் கையால் அறுக்கப்பட்டு, விறகுச் சூளையில் ஒரு சீரற்ற வெப்பத்தில் சுடப்பட்டவை. அவற்றுள் பல, தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீரை உறிஞ்சக்கூடியவை. அவற்றைப் பிணைத்திருப்பதும் மேலே பூசியிருப்பதும் சுண்ணாம்புக் கலவை.

இந்த நாட்டில் செங்கல் கட்டடங்கள் பெருகியதற்கு ஒரு பின்னணி உண்டு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. அதன் பிறகு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லிலும் ஓட்டிலுமே கட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார். சூளைகள் இருந்த இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். பேராக்கிலும் ஈய வருவாயும் பின்னர் ரப்பர் வருவாயும் கடைத்தெருக்களாக உருமாறின. பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் எழுப்பத் தொடங்கிய மாளிகைக்கு மதராசிலிருந்து 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 1926இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோன அந்தக் கட்டடத்தில் பூச்சு இல்லாத பகுதிகள் பல உள்ளன. பூச்சுக்கு அடியில் ஒரு பழைய சுவர் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை.

சுவர் எதனால் நிற்கிறது?

கலவை ஒட்டிப் பிடித்திருப்பதால் சுவர் நிற்கிறது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில், சுவர் முதன்மையாகத் தன் எடையாலும் கல் அடுக்கிய முறையாலும் நிற்கிறது. செங்கல் கட்டுமானம் அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும். இழுவிசையை மிகக் குறைவாகவே தாங்கும். ஆகவே ஒவ்வொரு வரியிலும் கல்லின் மூட்டு, கீழ் வரியின் மூட்டுக்கு நேர் மேலே வராதபடி கொத்தனார் பார்த்துக்கொள்கிறார். ஒரு வரியில் கற்களை நீளவாக்கிலும் அடுத்த வரியில் குறுக்குவாக்கிலும் வைப்பது ஆங்கிலக் கட்டு. ஒரே வரியில் நீளக் கல்லும் குறுக்குக் கல்லும் மாறி மாறி வருவது பிளெமிஷ் கட்டு. குறுக்கே வைத்த கல்தான் தடித்த சுவரின் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒன்றாகப் பிணைக்கிறது. நூல் பிடிப்பதும், தூக்குக் குண்டு விடுவதும், ரசமட்டம் வைப்பதும் அழகுக்காக மட்டும் அல்ல. சுவர் சற்றே சாய்ந்தாலும் அதன் எடை நடுவிலிருந்து விலகி ஒரு விளிம்பின் மேல் குவிகிறது. மறு விளிம்பில் இழுவிசை பிறக்கிறது. அங்கே மூட்டுகள் பிளக்கின்றன.

இதற்குத் தெலுக் இந்தானிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1885இல் லியோங் சூன் சோங் கட்டிய சாய்ந்த கோபுரம் 25.5 மீட்டர் உயரமானது. வெளியிலிருந்து எட்டு அடுக்குகள் போலத் தோன்றினாலும் உள்ளே மூன்று தளங்களே உண்டு. நகரத்துக்கு நீர் சேமித்து வைக்கவும் மணி காட்டவும் அது பயன்பட்டது. ஆற்றோர மண் இளகியது. செங்கல்லின் எடையோடு மேலே தேக்கிய நீரின் எடையும் சேர, ஒரு பக்கம் மண் கூடுதலாக அமுங்கியது. கோபுரம் இன்னும் நிற்பதற்குக் காரணம், சாய்வு இருந்தும் அதன் எடை அடித்தளத்துக்கு வெளியே போகாததுதான்.

இந்தக் கட்டுரைக்கு அந்தக் கோபுரம் தரும் செய்தி அதன் காலடி மண்ணைப் பற்றியது. நிலத்தடி நீர் மேற்பரப்பை ஒட்டியே இருக்கும் இளகிய களிமண்ணில், ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், ஒவ்வொரு பழைய சுவரும் தன் அடிப்பாகத்தை நீரில் வைத்துக்கொண்டு நிற்கிறது என்றே கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பும் சிமெண்டும் இறுகும் விதம்

சுண்ணாம்புக் கல் வேதியியல்படி கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து வெடித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. இந்த வேலையின்போது தெறிக்கும் துளி கண்ணைக் குருடாக்கக்கூடியது என்பதால், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. நீற்றுச் சுண்ணாம்பைக் குறைந்தது மூன்று மாதம் நீருக்கடியில் ஊறவைத்தால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். அதை மணலோடு கலந்து பூசிய பின், காற்றில் 0.04 விழுக்காடு மட்டுமே உள்ள கரியமில வாயுவை அது மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக மாறுகிறது. மேலிருந்து உள்நோக்கி நடக்கும் இந்த மாற்றம் மிகவும் மெதுவானது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே என்பது அனுபவக் கணக்கு.

சிமெண்டின் வழி வேறு. ஜோசப் அஸ்ப்டின் 1824இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டின் வழிவந்த இன்றைய சிமெண்டு, சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறக்குறைய 1450 பாகையில் சுட்டு அரைத்துச் செய்யப்படுகிறது. அது காற்றை நம்பியிருப்பதில்லை. நீரோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவை 10 மெகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் தாங்கும். தூய சுண்ணாம்புக் கலவையின் வலிமை பெரும்பாலும் 1 அல்லது 2 மெகாபாஸ்கலைத் தாண்டுவதில்லை.

இந்த எண்களைப் பார்த்தவுடன் சிமெண்டே சிறந்தது என்ற முடிவுக்கு வருவதுதான் தவறு தொடங்கும் இடம். செங்கல் கட்டுமானத்தில் ஓர் அடிப்படை விதி உண்டு: கலவை கல்லைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். சுவர் அசையும்போது ஏதேனும் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். மூட்டு விட்டுக்கொடுத்தால் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி நிரப்பலாம். கல் பிளந்தால் சுவரையே பிரிக்க வேண்டும்.

ஓதமும் உப்பும்

நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுவதை ஓதம் என்கிறோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே முறையில்தான். புதிய கட்டடங்களில் தரைமட்டத்துக்கு அருகே நீர் ஏறாத ஒரு படலம் சுவரின் முழு அகலத்துக்கும் விரிக்கப்படுகிறது; பழைய சுவர்களில் பெரும்பாலும் அது இல்லை. ஏறும் நீர் பொதுவாகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை போகும். எங்கே நிற்கும் என்பது, கீழிருந்து வரும் அளவுக்கும் சுவரின் முகத்திலிருந்து ஆவியாகும் அளவுக்கும் இடையிலான சமநிலையைப் பொறுத்தது.

நீர் தனியாக ஏறுவதில்லை. மண்ணிலும் கல்லிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. நீர் ஆவியானதும் உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. சுவரின் மேற்பரப்பில் படிந்தால் வெள்ளையாகப் பூக்கும். துடைத்துவிடலாம், தீங்கு குறைவு. மேற்பரப்புக்குச் சற்று உள்ளே, துளைகளுக்குள் படிகம் வளர்ந்தால்தான் ஆபத்து. அந்தப் படிகத்தின் அழுத்தம் கல்லை உள்ளிருந்தே உடைத்துத் தூளாக்கிவிடும். தோட்டத்து உரக்கிடங்குகளின் சுவர்கள் மற்றக் கட்டடங்களைவிட விரைவாக அரிபட இதுவே காரணம். அமோனியம் சல்பேட்டும் பொட்டாசியம் குளோரைடும் பல்லாண்டுகளாகச் சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தால், சிந்திய உரமெல்லாம் உப்பாகச் சுவருக்குள் போய்விடும்.

சுண்ணாம்புப் பூச்சு ஓதத்தைத் தடுப்பதில்லை. தன் துளைகள் வழியாக ஈரத்தை வெளியே விடுகிறது. உப்பையும் தன்மேல் வாங்கிக்கொண்டு, கல்லுக்குப் பதிலாகத் தான் அழிகிறது. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதை உரித்துப் புதிதாகப் பூசுவது பழைய கட்டுமானத்தில் எதிர்பார்க்கப்பட்ட பராமரிப்பே.

சிமெண்டைப் பூசியதும் நடப்பவை

1. சுவரின் முகம் அடைபடுகிறது. ஈரம் ஆவியாக வழியில்லாததால், திறந்த பரப்பு கிடைக்கும் வரை மேலே ஏறுகிறது. மூன்று அடி உயரத்துக்குச் சிமெண்டு பூசினால் அதற்கு மேல் புதிய கறை தோன்றுகிறது; அங்கும் பூசினால் இன்னும் மேலே போகிறது. கூரைச் சட்டத்தின் முனை சுவருக்குள் செருகப்பட்ட உயரத்தை ஈரம் எட்டிவிட்டால் மரம் உளுக்கத் தொடங்கும்.

2. உப்பு பூச்சின் மேற்பரப்பை எட்ட முடியாமல், பூச்சுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட பகுதியில் குவிகிறது. பூச்சு உப்பித் தட்டினால் வெற்றொலி கேட்பது இந்தக் கட்டத்தில்தான். இறுதியில் விழும்போது, செங்கல்லின் சூளையில் இறுகிய மேல்தோலையும் பிடுங்கிக்கொண்டு விழுகிறது. தோல் போன கல்லின் உட்புறம் மென்மையானது. அடுத்த பூச்சைத் தாங்கும் வலு அதற்கு இல்லை.

3. சிமெண்டு விறைப்பானது, அடியிலுள்ள சுவரோ வெயிலுக்கும் மழைக்கும் சற்றே அசைவது. பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. மழைநீர் அவற்றின் வழியே உள்ளே புகுகிறது. திரும்பி வரும் வழி மட்டும் இல்லை.

4. சிமெண்டே கரையக்கூடிய கார உப்புகளையும் சல்பேட்டுகளையும் கொண்டுவருகிறது. முன்பு உப்பு குறைவாக இருந்த சுவருக்கும் பூச்சே உப்பைத் தருகிறது.

5. இவற்றின் மேல் பூசப்படும் இரப்பர்த்தன்மை கொண்ட வெளிச்சுவர் வண்ணம், படலமாகப் படிந்து எஞ்சிய துளைகளையும் மூடிவிடுகிறது. கொப்பளிப்பது வண்ணத்தின் தரக்குறைவால் அன்று. நன்றாக ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் கொப்பளிக்கிறது.

சிமெண்டு தீமையானது என்பது இதன் பொருள் அன்று. அடித்தளம், கான்கிரீட் சட்டகம், தாமான் வீட்டின் தடுப்புச் சுவர், குளியலறைத் தரை ஆகியவற்றுக்கு அதுவே பொருத்தமானது. ரப்பர்ப் பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் பயன்படுத்தும் தோட்டத் தொழிற்சாலையில் சுண்ணாம்புப் பூச்சைப் போட்டால் அமிலம் அதைக் கரைத்தே விடும். எந்தச் சுவருக்கு எது என்பதுதான் கேள்வி.

மரபுக் கலவை குறித்த சில குழப்பங்கள்

பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவெடுக்கும் திருப்பணிக் குழுக்களும் சில இடங்களில் வழி தவறுகின்றன. அவற்றுள் மூன்றை இங்கே குறிப்பிட வேண்டும்.

முதலாவது, கடுக்காயும் வெல்லமும். தமிழகத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லக் கரைசலையும் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான பூச்சில் முட்டை வெண்கருவும் சிப்பிச் சுண்ணாம்பும் சேர்ந்தன. சர்க்கரைப் பொருள் சுண்ணாம்பு நீரில் கரையும் அளவைக் கூட்டி, கலவையை எளிதில் இழுபடச் செய்கிறது. இதைக் கேள்விப்பட்டவர்கள் அதே கரைசலைச் சிமெண்டுக் கலவையில் ஊற்றிவிடுகிறார்கள். சர்க்கரை மிகச் சிறிய அளவிலேயே சிமெண்டு இறுகுவதைத் தடுக்கக்கூடியது. கூடுதலானால் கலவை உரிய வலிமையை எட்டாமலே போய்விடும். மரபுப் பொருளை நவீனப் பொருளோடு இப்படிக் கலப்பது பக்தியின் பெயரால் நடந்தாலும் வேதியியல் அதற்கு விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டாவது, தோட்டத்தில் கிடைக்கும் வெள்ளைத் தூள். செம்பனைக்கும் ரப்பருக்கும் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடப்படும் டோலமைட் தூள், சுடாத கல்லை அரைத்தது. பார்வைக்குச் சுண்ணாம்பு போலவே இருந்தாலும் அது ஒருபோதும் இறுகாது. கலவைக்கு வேண்டியது சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளை அருகில் கொண்ட பேராக்கில், சுட்ட சுண்ணாம்பைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, சுர்க்கி எனப்படும் செங்கல் தூள். இது வெறும் நிரப்பி அன்று. மிதமான வெப்பத்தில் சுட்ட களிமண்ணின் நுண்தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் தன்மையைத் தருகிறது. எப்போதும் ஈரமாக இருக்கும் நம் ஊர்ச் சுவரின் அடிப்பகுதிக்கு இது மிகவும் உகந்தது. ஆனால் உப்பேறிய பழைய சுவரிலிருந்து விழுந்த கல்லையே இடித்துத் தூளாக்கினால், நீக்கிய உப்பை மறுபடி சுவருக்குள்ளேயே வைத்ததாகிவிடும்.

சுவரின் வகையை அறிவது

எல்லாப் பழைய சுவரும் சுண்ணாம்புச் சுவர் அல்ல. 1950களுக்குப் பின் கட்டப்பட்டவற்றில் சிமெண்டே மிகுதி. ஒரே கோயிலில் கருவறை ஒரு காலத்தையும் மண்டபம் இன்னொரு காலத்தையும் சேர்ந்திருக்கும். பூச்சு விழுந்த இடத்தில் மூட்டுக் கலவையை ஆணியால் கீறிப் பார்ப்பது எளிய சோதனை. வெளிர்நிறத்தில், எளிதில் பொடிந்து, இடையிடையே வெள்ளைக் கட்டிகள் தென்பட்டால் சுண்ணாம்பு. ஆணி வழுக்கிச் சாம்பல் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்டு. புளிக்காடி ஊற்றி நுரைக்கிறதா என்று பார்க்கும் முறையை நம்ப வேண்டாம். நாட்பட்ட சிமெண்டுக் கலவையும் காற்றில் கார்பனேட்டாக மாறி ஓரளவு நுரைக்கும்.

செப்பனிட வேண்டிய வரிசை

1. முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். கூரைத் தூம்பு உடைந்திருத்தல், வடிகால் அடைத்திருத்தல், பிரகாரத்தில் ஆண்டுக்கு ஆண்டு கான்கிரீட் போட்டு வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருத்தல் ஆகிய மூன்றும் ஓதம் என்று தவறாகக் கருதப்படும் ஈரத்துக்குப் பெரும் காரணங்கள். சுவரை ஒட்டிய கான்கிரீட்டை ஓரடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சல்லி நிரப்பினாலே சில சுவர்கள் தேறிவிடும்.

2. சிமெண்டுப் பூச்சைக் கறைக்கு மேல் அரை மீட்டர் வரை, கல்லின் தோல் பெயராமல், கையுளியால் மெதுவாக நீக்க வேண்டும். மின்சுத்தியல் இங்கே கூடாது.

3. சுவரைக் காயவிட வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது மிதவெப்ப நாடுகளில் வழங்கும் கணக்கு. அதன்படி 9 அங்குலச் சுவருக்கு 9 மாதம். நம் காற்றின் ஈரப்பதத்தில் இன்னும் கூடுதலாகலாம். இந்தக் காலத்தில் வெளிவரும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் அது மறுபடியும் உள்ளே போய்விடும். உப்பு மிகுந்த இடத்தில் தூய நீரில் நனைத்த காகிதக் கூழையோ களிமண்ணையோ அப்பி, காய்ந்ததும் உரித்தெடுப்பார்கள்.

4. மூட்டுகளைச் சுண்ணாம்புக் கலவையால் நிரப்ப வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது தற்செயலான அளவு அன்று. மணல் துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் அதை நிரப்ப அவ்வளவு சுண்ணாம்பு தேவைப்படுகிறது. மணல் கழுவிய ஆற்று மணலாக இருக்க வேண்டும். கண்ணாடிக் குப்பியில் மணலையும் நீரையும் குலுக்கி வைத்து மேலே படியும் வண்டலைப் பார்த்தால் அதன் தூய்மை தெரிந்துவிடும்.

5. பூச்சை ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்ததாக ஏற்ற வேண்டும். சுவரை முன்கூட்டியே நனைப்பதும், வெயில் படும் பக்கத்தில் ஈரக் கோணிச் சாக்கைத் தொங்கவிடுவதும் அவசியம்.

6. மேலே வெள்ளையடிக்கவோ, ஈரத்தை வெளியே விடும் கனிம வண்ணம் பூசவோ வேண்டும். சுதைச் சிற்பங்களுக்கும் இது பொருந்தும்.

சுவரைத் துளையிட்டு நீர் ஏறாத வேதிப்பொருளை உட்செலுத்தும் முறையும் இங்கே விற்கப்படுகிறது. ஒரே சீரான கல்லும் நிரம்பிய மூட்டும் உள்ள சுவரில் அது பயன் தரலாம். நடுவில் உடைகல்லும் வெற்றிடமும் உள்ள தடித்த பழைய சுவரில் மருந்து எங்கே போகிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதால், முதல் இரண்டு வேலைகளையும் முடிக்காமல் அதற்குப் பணம் கொடுப்பது விவேகமன்று.

கடைவீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல்

பூச்சோடு தொடர்பில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. இரு கடைகளுக்கு நடுவிலுள்ள சுவர் பொதுச் சுவர்; இரு பக்கத்து மரத் தளங்களின் சட்டங்களும் பெரும்பாலும் அதன் மேல்தான் அமர்ந்திருக்கும். தாமான் வீட்டுத் தடுப்பைப் போல் எண்ணி அதில் வாசல் திறப்பதும், இரும்புக் கதவுக்காக முகப்பு வளைவின் அடிக்கல்லை வெட்டுவதும், மேலே உள்ள முழுப் பாரத்தையும் ஆதாரமின்றித் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். நகராண்மைக் கழக அனுமதியும் பொறியாளர் வரைபடமும் இதற்கு வெறும் சம்பிரதாயம் அல்ல.

ஆள், பணம், நாள்

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்வோருக்குக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டை வேண்டும். அது பாதுகாப்புப் பயிற்சிக்கும் பதிவுக்கும் சான்றே தவிர, சுண்ணாம்புக் கைத்திறனுக்குச் சான்று அன்று. இன்று செங்கல் அடுக்குபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் கற்றது கான்கிரீட் சட்டகத்துக்கு இடையே வேகமாகத் தடுப்புச் சுவர் எழுப்பும் வேலை. ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் உலக மரபுரிமைத் தளங்களாகப் பதிவான பின், அந்நகரங்களின் செப்பனிடல்களில் சுண்ணாம்பு மீண்டும் புழக்கத்துக்கு வந்துள்ளது. கோயில்களுக்குத் தமிழகத்திலிருந்து வரும் ஸ்தபதிகளிடமும் கேட்கலாம். ஆனால் அவர்களிலும் பலர் இப்போது சிமெண்டிலேயே சுதை வேலை செய்கிறார்கள் என்பதால், முன்பே விசாரித்து மாதிரி ஒன்றைச் செய்து காட்டச் சொல்வது நல்லது.

பணத்தைவிடப் பெரிய தடை நாள்தான். கும்பாபிஷேக முகூர்த்தத்தைக் குறித்து, அழைப்பிதழ் அடித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்குவது வழக்கமாக இருக்கிறது. அப்படி எண்ணும்போது சுவர் காய்வதற்கான 9 மாதம் கணக்கில் வருவதே இல்லை. பாலாலயம் செய்து, அதாவது தெய்வத்தைத் தற்காலிகச் சன்னதிக்கு மாற்றிய பிறகுதான் கருவறைச் சுவரைத் தொட முடியும் என்றாலும், மதிலிலும் மண்டபத்திலும் மடைப்பள்ளியிலும் சிமெண்டை உரிக்கும் வேலையை அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிடலாம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவற்றுள் முக்கியமானவை இரண்டு. பூச்சு வேலை என்ற ஒரே வரிக்குப் பதிலாக, உரிக்க வேண்டிய உயரம், காய வேண்டிய காலம், சுண்ணாம்பின் வகை, படைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட வேண்டும். தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறைகாண் காலம் (வேலை முடிந்த பின் தெரியவரும் குறைகளுக்குக் குத்தகையாளர் பொறுப்பேற்கும் காலம்) முடிந்த பின் விடுவிக்க வேண்டும். பேராக்கின் மேற்குக் கரையோரத்தில் கடும் மழை ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பெய்கிறது. மழையின்போது சுவர் நனைந்து ஒரே நிறமாகத் தெரிவதால் உப்பு கண்ணுக்குப் படாது. அதற்குப் பின் வரும் வறண்ட வாரங்களில் சுவர் காயும்போதுதான் அது வெளியே வரும். எனவே ஆண்டிறுதி மழை ஓய்ந்து, பிப்ரவரி மாத வெயிலில் சுவரைத் தட்டியும் தடவியும் பார்த்த பிறகே இறுதித் தொகையைக் கொடுப்பதாக எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடாகும்.